நுளம்புக் குடம்பிக்கு வாசனை எண்ணெய்: முக்கால் போத்தல் அனுபவம்

இந்தப் போத்தலை முதன்முதலாகத் திறந்த அன்று வளவு முழுக்கப் பல் வைத்தியரின் அறை மாதிரி மணந்தது. கராம்பெண்ணெய். சின்ன வயதில் கொடுப்புப் பல்லில் குத்து வந்தால் அம்மா பஞ்சில் தொட்டு வைப்பாவே, அதே மணம். அதற்குப் பின்னால் கொஞ்சம் புல் வாசம், இன்னும் பின்னால் தேசிக்காய்த் தோலைக் கசக்கின மாதிரி ஒன்று. மணத்துக்கு மட்டும் புள்ளி போடச் சொன்னால் ஐந்துக்கு ஐந்து போடுவேன். ஆனால் 100 மில்லிலீற்றருக்கு 1,450 ரூபாய் கொடுத்தது மணந்து பார்க்க இல்லை, நுளம்புக் குடம்பி, அதாவது தண்ணீரில் நெளியும் நுளம்புப் புழு, சாகத்தான்.

நான் யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் பூங்கன்று விற்கிறேன். இரண்டு பரப்புச் செம்மண் வளவு. படலையில் ‘மருந்து அடிக்காத கன்றுகள்’ என்று பலகை தொங்குகிறது. மகன் ஏழாம் வகுப்பில் எழுதியது, இப்போது உயர்தரம் படிக்கிறான், பலகை அப்படியே இருக்கிறது. குறோட்டன், செவ்வரத்தை, றோசா எல்லாம் உண்டு. ஆனால் என்னைத் தேடி ஆட்கள் வருவது தாமரைக்கும் அல்லிக்கும். 60 லீற்றர் பிடிக்கும் கறுப்புத் தொட்டிகள் 14. அடியில் சேறு, மேலே தண்ணீர், அதற்கு மேலே இலை. நுளம்புக்கு இதைவிட நல்ல வீடு நானே தேடினாலும் கட்டிக் கொடுக்க முடியாது.

போன ஐப்பசியில் இரண்டு நாள் மழை கொட்டின பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். மகனைவிட ஐந்தாறு வயதுதான் கூட இருக்கும். வெள்ளைக் கரண்டியால் மூன்றாவது தொட்டியில் ஒரு அள்ளு அள்ளி என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“அக்கா, இதைப் பாருங்கோ.”

பார்த்தேன். ஏழெட்டு, தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. வால் பக்கக் குழாயைத் தண்ணீர் மட்டத்தில் குத்தி மூச்சு வாங்கிக்கொண்டு. கரண்டி அசைந்தவுடன் நெளிந்து நெளிந்து அடிக்குப் போயின.

“2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் இருக்கு அக்கா. நுளம்பு பெருக விட்டா வழக்குப் போடலாம். நான் ஒரு கிழமையிலை திரும்பி வாறன்.”

மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் முகம் சுருங்கிப் போயிற்று. அதற்கு முந்தின கார்த்திகையில் என் சின்ன மகளே டெங்கு வந்து ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவள். அவளைக் கடித்தது என் தாமரைத் தொட்டியில் பிறந்த நுளம்பாகவே இருந்திருக்கலாம் என்று அன்றுதான் உறைத்தது.

அவர் கைவசம் மணல் மாதிரி ஒரு மருந்து வைத்திருந்தார். டெமிபொஸ். ஒரு லீற்றருக்கு 1 மில்லிகிராம் அளவில் குடிதண்ணீர்ப் பாத்திரத்திலும் போடலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லும் மருந்துதான். அன்று அதை வாங்கிப் போட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. ஆனால் படலைப் பலகை கண்ணுக்குள் நின்றது. “நான் இயற்கையா ஏதாவது பாக்கிறன் தம்பி” என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அடுத்த நாள் ரவுணுக்குப் போய், இயற்கைப் பொருட்கள் விற்கும் ஒரு கடையில் இந்தப் போத்தலை எடுத்தேன். கடையின் பெயரும் போத்தலின் பெயரும் எழுதப் போவதில்லை. சின்ன ஆட்கள், நாலைந்து பேர் சேர்ந்து செய்கிற வேலை. என் ஒரு வளவு அனுபவத்தை வைத்து அவர்களின் பிழைப்பில் கை வைக்க மனமில்லை. ஆனால் இதே மாதிரிப் போத்தல் இப்போது பல கடைகளில் நிற்கிறது. வாங்க நினைப்பவர்கள் தெரிந்துகொண்டு வாங்கட்டும்.

கடும் மண்ணிறக் கண்ணாடிப் போத்தல், துளி விடும் மூடி. அது நல்ல விஷயம், வெளிச்சம் பட்டால் இந்த எண்ணெய்கள் கெட்டுவிடும். ஒட்டியிருந்த தாளில் கராம்பு, சிட்ரனெல்லா, எலுமிச்சைப்புல் எண்ணெய்கள், ‘இயற்கைச் சவர்க்காரக் கரைப்பான்’. 10 லீற்றர் தண்ணீருக்கு 1 மில்லிலீற்றர். மீனுக்கும் செல்லப் பிராணிக்கும் தீங்கில்லை. முழுக்க இயற்கை. அவ்வளவுதான். எந்த எண்ணெய் எத்தனை வீதம் என்று இல்லை. பீடைகொல்லிப் பதிவாளரின் பதிவு இலக்கமும் இல்லை. இந்த நாட்டில் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி பீடைகொல்லி என்று விற்பதற்குப் பதிவு வேண்டும். புல்லில் இருந்து எடுத்தாலும் பூச்சியைக் கொல்ல விற்றால் அது பீடைகொல்லிதானே? இதெல்லாம் பிறகு யோசித்தது. அன்று மணத்தில் மயங்கிப் போயிருந்தேன்.

மயங்கினது நான் மட்டுமில்லை.

14 தொட்டிக்கும் ஒரே மூச்சில் விட்டேன். ஒன்றுக்கு 6 மில்லி, மொத்தம் 84. ஒரே காலையில் போத்தல் அடிக்கு வந்துவிட்டது, அது ஒரு பக்கம். கடைசி இரண்டு தொட்டியில் மகள் வளர்க்கும் கப்பி மீன்கள் ஒன்பது இருந்தன. தாளில்தான் தீங்கில்லை என்று போட்டிருக்கிறதே. பத்து நிமிடம் கழித்து அவள் கத்தின சத்தத்துக்கு ஓடிப்போய்ப் பார்த்தால், ஒன்பதும் சரிந்து கிடக்கின்றன. வயிறு பக்கவாட்டில் தெரிய, செவுள் மட்டும் எப்போதாவது ஒருமுறை திறந்து மூடுகிறது. அள்ளி நல்ல தண்ணீர் வாளிக்குள் போட்டோம். அரை மணி நேரத்தில் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. ஆறு பிழைத்தன. மூன்று பிழைக்கவில்லை.

மகன் தேடிப் பார்த்துவிட்டு வந்து சொன்னான்: “அம்மா, கராம்பெண்ணெய்தான் மீனுக்கு மயக்க மருந்து. மீன் பண்ணையிலை, ஆய்வுகூடத்திலை எல்லாம் இதையும் பாவிக்கிறவை.”

உண்மைதான். கராம்பில் இருக்கும் யூஜினோல் என்ற பொருள் பல்லை மரக்கச் செய்வது மாதிரியே மீனையும் மரக்கச் செய்யும். அளவு கூடினால் மயக்கம் தெளியாது. ‘மீனுக்குத் தீங்கில்லை’ என்று அச்சடித்தவர் ஒரே ஒரு கப்பியை வைத்துப் பார்த்திருந்தாலும் அந்த வரியை எழுதியிருக்க மாட்டார். எனக்கு வந்த கோபத்தில் போத்தலை அன்றே குப்பையில் போட்டிருப்பேன். மகன்தான் தடுத்தான். “காசு குடுத்து வாங்கினது, வேலை செய்யுதோ எண்டு ஒழுங்காப் பாப்பம்.” போத்தலில் 16 மில்லி மிச்சம். அடுத்த கிழமை இன்னொன்று வாங்கினேன், அவமானத்தோடு. முக்கால் போத்தல் என்று தலைப்பில் சொன்னது இந்த இரண்டாவதைத்தான்.

பார்த்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு லீற்றர் ஐஸ்கிறீம் பெட்டி நான்கு. இரண்டில் பீலியால் பிடித்த மழைத் தண்ணீர், இரண்டில் எங்கள் கிணற்றுத் தண்ணீர். தேத்தண்ணி வடியால் குடம்பி அள்ளி ஒவ்வொன்றிலும் 20 விட்டோம். மழைத் தண்ணீரில் ஒரு பெட்டிக்கும் கிணற்றுத் தண்ணீரில் ஒரு பெட்டிக்கும் மட்டும் மருந்து. மற்ற இரண்டும் சும்மா. அந்தச் சும்மா பெட்டிகள் எதற்கு என்று கேட்டேன். “தன்பாட்டிலை செத்தா மருந்தாலை செத்ததெண்டு நினைச்சுப்போடுவம் அம்மா” என்றான். சரி, உயர்தரத்துக்குக் கட்டின ரியூசன் காசு வீண் போகவில்லை. ஒரு லீற்றருக்கு 0.1 மில்லி வர வேண்டும். மாமியின் புது இன்சுலின் ஊசி ஒன்றை எடுத்தோம், அதில் 10 என்று போட்ட கோடு சரியாக 0.1 மில்லி. மாமி திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தா. “பிள்ளை, புழுவுக்கும் சீனி வருத்தமோ?”

மழைத் தண்ணீரில் விட்டவுடன் பால் மாதிரி வெண்மேகம் ஒன்று விரிந்து, கரண்டியால் ஒருமுறை கிண்டக் காணாமல் போனது. குடம்பிகள் முதலில் பைத்தியம் பிடித்த மாதிரி ஓடின. பிறகு ஒன்றிரண்டு வாலைத் தானே கடிக்கப் போவது மாதிரி வட்டமாக வளைந்தன. மதியம் சாப்பிட்டு வந்து பார்க்கையில் 16 அடியில் கிடந்தன. அடுத்த நாள் காலை இருபதும்.

கிணற்றுத் தண்ணீரில் நடந்தது வேறு. அதே அளவு மருந்து, அதே நேரம். வெண்மேகம் விரியவில்லை. மேலே தயிர் திரிந்த மாதிரி சின்னச் சின்ன வெள்ளைப் பொருக்கு மிதந்தது. பெட்டியின் ஓரத்தில் விரலால் தடவினால் பிசுபிசுப்பு, மூக்கில் வைத்தால் கராம்பு. அதாவது எண்ணெய் தண்ணீரோடு கலக்காமல் ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அடுத்த நாள் காலை செத்தது 9 மட்டும். சும்மா வைத்த இரண்டு பெட்டியிலும் ஒன்றும் சாகவில்லை, ஒன்று கூட்டுப்புழுவாகி இருந்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்க யாழ்ப்பாணத்தாருக்குப் புத்தகம் தேவையில்லை. எங்கள் கேத்திலுக்குள் எட்டிப் பார்த்தால் போதும். குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது, கிணற்றுத் தண்ணீரில் கல்சியம் கரைந்து வருகிறது. அதனால்தான் சவர்க்காரம் நுரைக்காமல் தலைமயிரில் அழுக்குப் போலத் திரிகிறது. இந்தப் போத்தலில் எண்ணெயைத் தண்ணீரோடு கலக்க வைத்திருப்பதும் சவர்க்காரம். கல்சியத்தைக் கண்டவுடன் அது திரிந்துவிடும், பிடித்து வைத்திருந்த எண்ணெயைக் கைவிட்டுவிடும். செய்தவர்கள் மென்னீரில் பரீட்சித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அவர்கள் யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு யாழ்ப்பாணத்துத் தண்ணீரை மறந்ததுதான் எனக்கு ஆச்சரியம்.

அடுத்தது, எத்தனை நாள் நிற்கிறது. மூன்று நாள் கழித்து அந்த மழைத் தண்ணீர்ப் பெட்டியிலேயே புதிதாக 20 குடம்பி விட்டோம். அவை பாட்டுக்கு நீந்தி விளையாடின. மணமும் போய்விட்டது. வாசனை எண்ணெய் என்றாலே ஆவியாகிப் போவது என்றுதானே அர்த்தம். மூக்குக்கு வருகிற ஒவ்வொரு மணமும் தண்ணீரை விட்டுப் போன மருந்துதான். யாழ்ப்பாணத்து வெயிலில் அது இன்னும் வேகம். நிழலில் வைத்த பெட்டி இரண்டாம் நாளும் கொஞ்சம் மணந்தது, வெயிலில் வைத்தது அன்று பின்னேரமே வெறும் தண்ணீர்.

கூட்டுப்புழுவைப் பற்றித் தாளில் ஒரு வார்த்தையும் இல்லை. குடம்பி நான்கு பருவம் வளர்ந்து, அதற்குப் பிறகு காற்புள்ளி மாதிரி வளைந்த கூட்டுப்புழுவாகி, இரண்டு நாளில் நுளம்பாகப் பறக்கும். முட்டை பொரித்ததில் இருந்து பறப்பது வரை எங்கள் வெப்பத்துக்கு ஏழு முதல் பத்து நாள். பத்துக் கூட்டுப்புழுவை மருந்துத் தண்ணீரில் விட்டு, மேலே பழைய யன்னல் சீலையை றப்பர் வளையத்தால் கட்டி வைத்தோம். மூன்றாம் நாள் சீலைக்கு அடியில் ஏழு நுளம்பு. வரிக்கால், வெள்ளைப் புள்ளி, டெங்கைப் பரப்பும் ஈடிஸ் குலத்துக்குப் பிழையே இல்லாத பிள்ளைகள். ஆகவே தொட்டியில் ஏற்கனவே கூட்டுப்புழு இருந்தால் இந்த மருந்தை நம்பி இருக்க வேண்டாம்.

முட்டைக்கும் இது ஒன்றும் செய்யாது. ஈடிஸ் முட்டையைத் தண்ணீரில் இடுவதில்லை, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டி வைக்கும். அது மாதக்கணக்காகக் காய்ந்து கிடந்துவிட்டு மாரியின் முதல் தண்ணீர் ஏறியதும் பொரிக்கும். எங்களுக்கு ஐப்பசியில் மழை தொடங்கி, கார்த்திகை மார்கழியில் டெங்கு உச்சத்துக்கு வருவது சும்மா இல்லை. ஆடி ஆவணியில் காய்ந்து கிடக்கும் பூச்சட்டித் தட்டை நாங்கள் காலி என்று நினைக்கிறோம், அது காலி இல்லை. தும்புத் தடியால் தேய்த்துக் கழுவினால்தான் முட்டை போகும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, இது ஏமாற்று வேலை என்று நான் சொல்லப் போகிறேன் என்று நினைக்க வேண்டாம். மழைத் தண்ணீரில் இருபதுக்கு இருபது செத்ததை என் கண்ணால் பார்த்தேன். வாசனை எண்ணெய்கள் குடம்பியைக் கொல்லும் என்பது ஆய்வுகூடங்களில் எத்தனையோ முறை பார்த்த விஷயம். கராம்பின் யூஜினோல், சிட்ரனெல்லாவின் சிட்ரனெல்லால், எலுமிச்சைப்புல்லின் சிட்ரால் எல்லாம் பூச்சியின் நரம்பைக் குழப்புகின்றன. ஒரே எண்ணெயில் பல பொருட்கள் பல இடத்தில் தாக்குவதால் நுளம்பு பழகிக்கொள்வதும் கடினம் என்பதுதான் ஆய்வாளர்களின் ஆசை. டெமிபொஸ் மருந்துக்கு உலகின் பல நாடுகளில் ஈடிஸ் பழகிவிட்டது, அதனால்தான் இந்தத் தேடல். ஆனால் அளவைப் பாருங்கள். டெமிபொஸ் லீற்றருக்கு 1 மில்லிகிராம். வாசனை எண்ணெய்களில் நல்லது என்று சொல்பவைக்கே பல பத்து மில்லிகிராம் வேண்டியிருக்கிறது. அந்த வித்தியாசம் ஆய்வுகூடத்தில் ஒரு புள்ளிவிபரம், என் பணப்பையில் வேறு கதை.

14 தொட்டி, 840 லீற்றர், ஒருமுறைக்கு 84 மில்லி. மூன்று நாளில் போய்விடுவதால் கிழமைக்கு இரண்டு முறை, 168 மில்லி, 2,436 ரூபாய். மாதம் பத்தாயிரத்தை நெருங்கும். ஒரு தாமரைக் கன்றை நான் என்ன விலைக்கு விற்றால் இது கட்டும்?

கிணற்றுக்கு விடலாமா என்று வாங்க வந்த ஒரு அண்ணை என்னைக் கேட்டார். கேள்வி வீணான கேள்வி இல்லை. இலங்கை மலேரியா ஒழிந்த நாடு என்று 2016இல் அறிவித்த அதே வருடக் கடைசியில், கிணற்றிலும் தாங்கியிலும் பெருகும் இந்தியப் பட்டண மலேரியா நுளம்பு மன்னாரில் பிடிபட்டது. பிறகு யாழ்ப்பாணக் கிணறுகளிலும் கண்டார்கள். ஈடிஸ் கூடக் கரையோர உவர் தண்ணீரில் வளர்வதை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல்காரர் காட்டியிருக்கிறார்கள். சவர்க் கிணறு என்றால் பயமில்லை என்று இருக்க முடியாது. ஆகவே கணக்குப் போட்டுக் காட்டினேன். பத்தடி விட்டக் கிணறு, எட்டடி தண்ணீர், ஏறத்தாழ 17,800 லீற்றர். 18 போத்தல், 26,100 ரூபாய். அதுவும் மூன்று நாளைக்கு. அதுவும் எங்கள் சுண்ணாம்புத் தண்ணீரில் பாதிக்குப் பாதி. “அதோடை வீட்டிலை தேத்தண்ணி முழுக்கக் கராம்பு மணக்கும் அண்ணை” என்றேன். அவர் சிரித்துவிட்டு, குடம்பி தின்னும் கப்பி மீன் கேட்டார்.

சரி, எங்கே வேலை செய்தது?

கவிழ்க்க முடியாத சின்ன இடங்களில். நிழல் வலையைத் தாங்கும் மூங்கில் தடிகளின் வெட்டு முனையில் மழை நிற்கும், ஒவ்வொன்றிலும் ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவுதான். ஆனால் என்னிடம் 22 தடி. கழற்றவும் முடியாது, கவிழ்க்கவும் முடியாது. தடிக்கு ஒரு துளி, நான்கு நாளுக்கு ஒருமுறை. நிற்பது மழைத் தண்ணீர், வெயிலும் படாது, எண்ணெய் அங்கே நன்றாக நின்றது. அடி வளவு மாமரத்தில் பழைய கொப்பு முறிந்த பொந்து ஒன்று உண்டு, அதிலும் அப்படித்தான். கண்ணாடித் துண்டு பதித்த பழைய மதிலின் இடுக்குகளிலும். ஒரு கிழமைக்கு இரண்டு மில்லிகூட முடியவில்லை. இந்தக் கணக்கில் ஒரு போத்தல் மாரி முழுக்கப் போகும். இந்த வேலைக்கு மட்டும் என்றால் ஐந்துக்கு நான்கு கொடுப்பேன்.

புரோமீலியாட் என்ற அழகுக் கன்றுகளின் நடுவில் தண்ணீர் நிற்கும் இலைக் குவளைக்குள் விட்டது என் பிழை. இரண்டாம் நாள் குடம்பி இல்லை, நான்காம் நாள் இலை அடியில் தீய்ந்த மாதிரி மண்ணிற வட்டம். மூன்று கன்று விற்க முடியாமல் போயிற்று. பூங்கன்று வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள், இலையில் படவே விட வேண்டாம். சமையலறைக் கழிவு வாய்க்காலிலும் விட்டுப் பார்த்தேன். சோற்றுக் கஞ்சியும் எண்ணெய்ப் பிசுக்கும் ஓடுகிற இடத்தில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. கிராமத்து வீடுகளில் இரவில் காதுக்குள் பாடும் நுளம்பு அங்கேயும் மலசலகூடக் குழியிலும்தான் பெருகுகிறது. அதற்கு வாய்க்காலைத் துப்பரவாக்கி, குழியின் காற்றுக் குழாய் வாயில் வலைத் துண்டு ஒன்று கட்டினால் முடிந்தது. எங்கள் வீட்டில் கட்டின வலையின் விலை பூச்சியம், பழைய நுளம்பு வலையின் மூலை.

மாமியின் மருந்தையும் விட்டுவைக்கவில்லை. “உந்த ஆயிரத்து நானூறை விட வேப்பெண்ணெய் திறம்” என்று முதல் நாளில் இருந்து சொல்லிக்கொண்டிருந்தா. வேப்பெண்ணெயில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து ஐந்தாவது பெட்டியில் விட்டோம். முதல் நாள் ஒன்றும் சாகவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. மாமிக்கு முகம் விழுந்துவிட்டது. ஆறாம் நாள் பார்த்தால் சும்மா வைத்த பெட்டியில் பாதிக்கு மேல் கூட்டுப்புழு, மாமியின் பெட்டியில் ஒன்றுகூட இல்லை. பல சாகவுமில்லை, வளரவுமில்லை. சில, தோல் பாதி கழன்ற நிலையில் அப்படியே செத்துக் கிடந்தன. வேம்பில் இருக்கும் அசாடிராக்டின் பூச்சி தோல் உரிப்பதைக் குழப்பும். கொல்வதில் பொறுமைசாலி. எட்டாம் நாள் அந்தப் பெட்டியில் உயிரோடு இருந்தவை மூன்று. மாமி அதற்குப் பிறகு பெட்டியைத் தன் அறை யன்னலுக்குக் கிட்ட எடுத்துப்போய் வைத்துக்கொண்டா, வாற போற ஆட்களுக்குக் காட்ட. ஆனால் கடையில் விற்கும் வேப்பெண்ணெயில் அசாடிராக்டின் எவ்வளவு இருக்கும் என்பது போத்தலுக்குப் போத்தல் மாறும். எங்களுக்குக் கிடைத்தது நல்ல போத்தல் போல.

பரிசோதகர் சொன்ன மாதிரியே ஒரு கிழமையில் திரும்பி வந்தார். நான் மீன் செத்த கதையையும் பெட்டிகளையும் காட்டினேன். ஒவ்வொரு பெட்டியாகக் குனிந்து பார்த்தார். மருந்துத் தொட்டிகளில் கரண்டி விட்டு அள்ளினார், ஐந்தில் குடம்பி இருந்தது. “அக்கா, பரிசோதனை நல்லாயிருக்கு. ஆனா தொட்டி இன்னும் பிழை.” தொட்டிக்குப் போட அவர் சொன்னது குடம்பியைக் கொல்லும் ஒரு பற்றீரியாவைப் பற்றி. பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ், சுருக்கமாக பி.ரி.ஐ. 1976இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் ஒரு குட்டையில் கண்டுபிடித்தது. குடம்பி அதைத் தின்றால் குடல் கிழிந்து சாகும், மீனுக்கும் மனிதருக்கும் ஒன்றும் செய்யாது. அதுவும் இயற்கைதான். போத்தலில் பூப் படம் போட்டு விற்காததால் எனக்கு அது இயற்கை என்று தெரியாமல் போயிற்று. ஆனால் அதற்கும் ஒரு குறை உண்டு. கூட்டுப்புழு எதையும் தின்னாது, அதனால் அதை இது தொடாது.

கடைசியில் என் தொட்டிகளுக்குத் தீர்வு பிழைத்த அந்த ஆறு கப்பிதான். அவற்றோடு கொக்குவிலில் ஒரு வீட்டில் இருந்து முப்பது கேட்டு வாங்கி, தொட்டிக்கு இரண்டு மூன்றாகப் பிரித்துவிட்டேன். விடுமுன் இரண்டு தரம் தண்ணீர் மாற்றிக் கராம்பு மணம் போகிறதா என்று மணந்து பார்த்தேன், மகள் தானும் மணந்து பார்த்துத்தான் அனுமதி தந்தாள். இலை அதிகமாக அடைத்த தொட்டிகளில் கப்பி நுழைய இடமில்லாமல் ஓரத்தில் குடம்பி தப்பிக்கொண்டிருந்தது. அங்கே இலையை மூன்றில் ஒரு பங்கு வெட்டினேன், பூவும் நன்றாக வந்தது. மார்கழியில் பரிசோதகர் வந்து 14 தொட்டியிலும் அள்ளினார். ஒன்றுமில்லை. கப்பி ஒன்றுதான் கரண்டிக்குள் ஏறி வந்தது.

போத்தல் செய்கிறவர்களிடம் கேட்டால் மூன்று விஷயம் சொல்வேன். எண்ணெய் எத்தனை வீதம் என்று தாளில் போடுங்கள். சவர்க்காரத்துக்குப் பதிலாகக் கடின நீரில் திரியாத கரைப்பான் ஒன்றைப் பாருங்கள். மீன் பற்றிய அந்த வரியை இன்றைக்கே எடுங்கள். முதல் இரண்டும் காசு பிடிக்கும் வேலை, தெரியும். மூன்றாவதற்கு ஒரு கறுப்புப் பேனை போதும். கடைக்காரத் தம்பியிடம் நேரே போய்ச் சொன்னேன். “அப்பிடியா அக்கா, நான் அவையிட்டைக் கேட்டுச் சொல்லுறன்” என்றார். போன கிழமை அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன், தாளில் அந்த வரி அப்படியே இருந்தது.

மொத்தத்தில் ஐந்துக்கு இரண்டரை. வாடகை வீட்டில் இருந்து, கழற்ற முடியாத மூங்கிலோ மரப்பொந்தோ மதில் இடுக்கோ வைத்திருப்பவர்கள் ஒரு போத்தல் வாங்கலாம். தாங்கிக்கும் கிணற்றுக்கும் மீன் தொட்டிக்கும் வேண்டாம். பூச்சட்டித் தட்டு, ரயர், சிரட்டை, இளநீர்க் கோம்பை, யோகட் கோப்பை வைத்திருப்பவர்களுக்கு எந்தப் போத்தலும் வேண்டாம், கவிழ்த்துவிட்டுத் தேய்த்துக் கழுவினால் சரி.

இப்போது என்னிடம் தாமரை வாங்குபவர்களுக்கு நான்கு கப்பி சும்மா கொடுக்கிறேன். வரும்போது அகல வாய்ப் போத்தல் ஒன்று கொண்டு வாருங்கள், பொலித்தீன் பையில் கட்டினால் மோட்டார் சைக்கிளில் போகும்போது குலுங்கிச் செத்துவிடுகின்றன. மேலதிகமாகப் பெருகினால் என்னிடமே திருப்பித் தாருங்கள். குளத்திலோ கேணியிலோ கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள், அது ஊர் மீன் இல்லை.